வெல்டிங் வைக்காமல் கதவுத் தகடு மாற்றுவது: டிங்கரிங் பழகுகிறவர்களுக்கு

திருவான்மியூரிலிருந்து ஒரு பழைய ஹேட்ச்பேக் எங்கள் பட்டறைக்கு வந்தது. டிரைவர் பக்கக் கதவின் அடி விளிம்பு முழுக்கத் துரு. விரலால் அழுத்தினால் பெயிண்ட் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. இரண்டு வருடம் முன்புதான் அதே இடத்தில் கேஸ் வெல்டிங் வைத்துத் தகடு போட்டு, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே சல்லடை. "இந்த முறை வெல்டிங் வேண்டாம் சார், பசை போட்டு ஒட்டிவிடலாம்" என்றேன். வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதவையா ஒட்டப் போறே? இது என்னப்பா, செருப்பா?"

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். எந்தக் காரின் கதவையும் திறந்து, ஓரத்தை உள்பக்கமாகத் தடவிப் பாருங்கள். புடவைக்கு ஓரம் அடித்தது போல, வெளித்தகடு உள்சட்டத்தின் மேல் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் இருப்பது பெரும்பாலும் பசைதான். ஒன்றிரண்டு ஸ்பாட் (புள்ளி புள்ளியாக வைக்கும் வெல்டிங்) இருக்கலாம், அவ்வளவே. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொழிற்சாலையில் செய்ததைத் திரும்பச் செய்கிறோம்.

சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேஸ் தீயை 0.7 மி.மீ. தகட்டில் காட்டினால் தகடு நெளிகிறது, அது முதல் தொல்லை. பெரிய தொல்லை பின்பக்கத்தில். அங்கே கம்பெனி போட்ட துத்தநாகப் பூச்சும் பிரைமரும் தீயில் கருகிவிடும். மூடிய இடம் என்பதால் பிரஷ் விட்டுத் திரும்பப் பூசவும் வழியில்லை. கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். உள்ளிருந்து கிளம்பும் துரு வெளியே தெரியும்போது தகடு ஏற்கெனவே போயிருக்கும். பசை எதையும் கருக்குவதில்லை. ஒட்டிய இடத்தில் தண்ணீர் நுழையாமலும் அடைத்துக்கொள்கிறது.

எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது

காருக்குத் தோலும் உண்டு, எலும்பும் உண்டு. தோலை ஒட்டலாம். எலும்பைத் தொடக் கூடாது. கதவின் வெளித்தகடு, டிக்கி மூடியின் வெளித்தகடு, வேன்களின் பக்கத் தகடு இதெல்லாம் தோல். முன் கண்ணாடித் தூண், நடுத்தூண், சேசிஸ் சட்டம், ரன்னிங் போர்டின் உள்பகுதி, சஸ்பென்ஷன் தாங்கும் இடம், சீட் பெல்ட் மாட்டும் இடம் இவை எலும்பு. கதவுக்குள்ளே குறுக்காக ஓடும் இரும்புக் குழாயும் எலும்புதான். பக்கத்தில் யாராவது வந்து மோதினால் உங்களைக் காப்பது அது. அது வளைந்திருந்தால் நிமிர்த்தவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கதவையே மாற்றுங்கள்.

கூரைத் தகடு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். கம்பெனி ஸ்பாட் வைத்த இடத்தில் ஸ்பாட்தான். அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஒரு பட்டறை, ஆலங்கட்டி மழையில் அடிவாங்கிய 2010 மாடல் ஹோண்டா ஃபிட்டின் கூரையை, கம்பெனி சொன்னபடி வெல்டிங் செய்யாமல் பசையால் ஒட்டிக் கொடுத்தது. அதுதான் நம் ஊரில் ஜாஸ் என்ற பெயரில் ஓடும் வண்டி. பிறகு அதை வாங்கிய தம்பதி 2013-இல் விபத்தில் சிக்கிப் படுகாயம் அடைந்தார்கள். 2017-இல் ஜூரி அந்தப் பட்டறையின் பங்காக நிர்ணயித்த இழப்பீடு 3.15 கோடி டாலர். அங்கே பசையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதைப் போட்ட இடம்தான் தவறு.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. நல்ல எபாக்சிப் பசை, இரண்டு தகடுகளும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் திசையில், ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ தாங்கும். 25 மி.மீ. அகலத்துக்கு 12 மி.மீ. ஒட்டினால் 600 கிலோ. பசை விடுவதற்குள் மெல்லிய தகடு இழுபட ஆரம்பித்துவிடும். ஆனால் அதே ஒட்டை ஓரத்திலிருந்து வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தால், கொறடு போட்டுக் கையாலேயே பிரிக்கலாம். உரியும் விசை முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் விழுவதுதான் காரணம். கதவு மடிப்பில் உரிவதற்கு வழியே இல்லை, தகடு சட்டத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பழகுவதற்கு முதல் வேலையாகக் கதவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்

கடையில் 'பேனல் பாண்டிங்' என்று கேளுங்கள். இரண்டு பாகமாக, ஒரே கார்ட்ரிட்ஜில் அக்கம்பக்கமாக இருக்கும் எபாக்சி அது. 3எம், சிகா, ஹென்கெலின் டெரோசான் போன்றவை இந்த வகையில் தெரிந்த பெயர்கள். எம்-சீல் குழாய்க்கும் தொட்டிக்கும் நல்ல சரக்கு, ஆனால் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதில்லை. கார் கண்ணாடி ஒட்டும் கறுப்புப் பசையும் இங்கே ஆகாது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகுவது. இரும்பு மடிப்புக்குள் காற்று எங்கே போகும்?

கார்ட்ரிட்ஜின் மேல் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் இருந்ததை எடுத்துத் தந்தால், உள்ளேயிருந்து வேறொன்று கேளுங்கள். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு என்றே ஒரு கன் உண்டு, சிலிக்கான் கன்னில் உட்காராது. கலக்கும் நாசில் இரண்டு மூன்று அதிகமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதை மிச்சம் பிடித்தவன் பசையைத் தோற்பான். அந்தப் பசைக்கான தகவல் தாளைக் கம்பெனி தளத்திலிருந்து இறக்கிப் படிக்க வேண்டும். நான் இங்கே சொல்லும் நேரமும் அளவும் பொதுவானவை. தாளில் வேறாக இருந்தால் தாள் சொல்வதுதான் சரி.

மற்றவை: கிரைண்டரில் மாட்டி உரசும் 80 நம்பர் டிஸ்க், வைஸ் கிரிப், சி கிளாம்ப் (முதல் முறைக்கு ஒரு டஜன்கூடப் போதாது), ஹீட் கன், சுத்தியல், டாலி (தட்டும்போது மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி), பஞ்சு உதிராத வெள்ளைத் துணி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். கடைசியில் சொன்னது பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். நைட்ரைல் கையுறையை மறக்கவே கூடாது. இறுகாத எபாக்சி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் வாழ்நாளுக்கும் அந்தப் பசையின் பக்கத்தில் போக முடியாது. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். தின்னர் ஊற்றிக் கழுவினால் பசையைத் தோலுக்குள் அனுப்பி வைத்த மாதிரி.

வாங்குவதற்கு முன் ஒரு நடை, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் வாருங்கள். உங்கள் மாடலுக்கு நல்ல முழுக் கதவே கிடைத்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ்ப்பகுதியில் காந்தம் சொதசொதவென்று பிடித்தால் அங்கே இருப்பது பட்டி. "ஒரிஜினல் பெயிண்ட் தம்பி" என்று கடை பாய் சொல்வார். காந்தம் பொய் சொல்லாது.

பழைய தகட்டை எடுப்பது

கதவைக் கழற்றி, கண்ணாடி, பூட்டு, வயரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மேசையில் கம்பளி விரித்துப் படுக்க வையுங்கள். மடிப்பின் விளிம்பை, அதாவது தகடு திரும்பும் அந்த முனையை மட்டும், கிரைண்டரால் மெல்ல உரசிக்கொண்டே போக வேண்டும். உலோகம் மெலிந்து ஒரு கோடாகப் பிரியும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று போனால் உள்சட்டத்தின் விளிம்பை அறுத்துவிடுவீர்கள். சுற்றி முழுக்க உரசிய பின் வெளித்தகடு ஒரு தட்டாகவும், மடிப்பின் உள்பக்கம் ஒரு நாடாவாகவும் தனித்தனியாக வரும். ஸ்பாட் இருந்தால் டிரில் போட்டு எடுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருக்கும் பழைய பசைக்கு ஹீட் கன் காட்டி மெல்லிய உளியை நுழைத்தால் விட்டுவிடும். புகை வந்தால் மூக்கை அங்கே வைக்காதீர்கள்.

இப்போது சட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். மேலோட்டத் துரு என்றால் சுரண்டினால் போகும். ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுவதற்கு அங்கே இரும்பே இல்லை. மறுபடியும் புதுப்பேட்டைதான்.

பசை இல்லாமல் ஒரு ஒத்திகை

புதுத் தகட்டைச் சட்டத்தில் வைத்து, நாலு கிளாம்ப் போட்டு, கதவை வண்டியில் மாட்டிப் பாருங்கள். ஃபெண்டர் பக்க இடைவெளி, பின்கதவு பக்க இடைவெளி, பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடு எல்லாம் நேராக வருகிறதா? வரவில்லை என்றால் சட்டத்தை இப்போதே தட்டி நிமிர்த்துங்கள். சரியாக உட்கார்ந்ததும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தகட்டுக்கும் சட்டத்துக்கும் பொதுவாகப் பேனாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளாம்பும் எங்கே வரும் என்று ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். வெல்டிங்கில் தப்பு நடந்தால் வெட்டி எடுத்து மறுபடி வைக்கலாம். இதில் பசை இறுகினால் இறுகியதுதான்.

சுத்தம் செய்வது

இதில் ஒரு வரிசை இருக்கிறது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள், அப்புறம் டிஸ்க் ஓட்டுங்கள், அப்புறம் மறுபடி துடையுங்கள். பிசுக்கோடு டிஸ்க் ஓட்டினால் அந்தக் கீறல்களுக்குள்ளேயே எண்ணெயைத் தேய்த்து நிரப்புகிறீர்கள். துடைக்கும்போது ஒரு கையில் நனைந்த துணி, மறுகையில் உலர்ந்த துணி. நனைந்தது அழுக்கைக் கரைக்கும், அது காய்வதற்குள் உலர்ந்த துணி எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் அழுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும். பெட்ரோல், மண்ணெண்ணெய், லோக்கல் தின்னர் மூன்றும் கூடாது. காய்ந்த பின்னும் அவற்றின் படலம் மிச்சமிருக்கும்.

பசை படும் இடம் முழுவதும், இருபக்கமும், விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு தெரிய வேண்டும். புதுத் தகட்டில் வரும் கறுப்புப் பிரைமரை அப்படியே விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தகவல் தாள் அனுமதித்தால் விடலாம், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பிரைமர் மேல் ஒட்டினால் உங்கள் ஒட்டின் பலம் அந்தப் பிரைமரின் பலம்தான். டிஸ்க்கை அழுத்தி ஓட்டாதீர்கள். தகடே 0.7 மி.மீ., அதில் பாதியைத் தூளாக்கிவிட்டு வலுவான பசை போட்டு என்ன பயன்?

சுரண்டிய இரும்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்று எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? மதியம் பளிச்சென்றிருந்த இடம் மாலைக்குள் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பின் மேல் ஒட்டினால் துருவின் மேல் ஒட்டினதுதான். வெறுங்கையால் தொட்டாலும் இதே கதை. நம் ஊர் வியர்வையில் உப்புக்குக் குறைவில்லை.

சோதனைத் துண்டு

இதை ஒருவரும் செய்வதில்லை. என்னைக் கேட்டால் புதியவர்கள் இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. ஒட்டப்போகும் அதே நாளில், விரலளவு அகலத்தில் வீணான தகட்டுத் துண்டுகள் இரண்டை அதே டிஸ்க், அதே துணி, அதே பசையால் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி ஓரமாக வையுங்கள். மறுநாள் அவற்றை வைஸில் கடித்து, உளியால் பிரியுங்கள். முழு வலுவையும் போட்டுப் பிரியுங்கள், இரக்கம் வேண்டாம்.

பிரிந்த முகங்களைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பசை ஒட்டிக்கொண்டு, நடுவில் பசையே கிழிந்திருந்தால் உங்கள் வேலை சரி. ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்து, பசை முழுவதும் மறுபக்கத்தில் இருந்தால், பசை பிடிக்கவே இல்லை. சுத்தத்தில் ஓட்டை. அங்கங்கே கருப்பும் வெள்ளையும் வரி வரியாகத் தெரிந்தால் இரண்டு பாகமும் சரியாகக் கலக்கவில்லை. துண்டு தோற்றிருந்தால் கதவையும் நம்பாதீர்கள். முதல் கதவுக்கு முன்பாகவே ஒரு நாள் செலவழித்து இந்தத் துண்டுகளில் மட்டும் பழகுவது இன்னும் நல்லது.

ஒட்டுவது

கார்ட்ரிட்ஜின் மூடியைத் திறந்து, நாசில் மாட்டாமலே கொஞ்சம் அழுத்துங்கள். இரண்டு துளையிலிருந்தும் பசை ஒன்றுபோல வந்த பிறகு நாசிலை மாட்டி, நாசில் நீளத்துக்கு வரும் முதல் பசையை அட்டையில் விட்டு எறிந்துவிடுங்கள். அதில் கலவை சரியாக இருக்காது.

அதற்கு முன் மணியைப் பாருங்கள். தாளில் 90 நிமிடம் வேலை நேரம் என்று போட்டிருந்தால் அது 23, 25 டிகிரிக் கணக்கு. வெப்பம் 10 டிகிரி ஏற ஏற நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரியில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. இந்தக் கணக்கு தெரியாமல் நான் ஒரு மே மாதம் நண்பகலில், தகரக் கூரைக்குக் கீழே, வெயிலில் சாய்த்து வைத்திருந்த தகட்டை எடுத்து வந்து பசை போட்டேன். கை வைக்க முடியாத சூடு. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போய்த் திரும்பினால், முதலில் போட்டது ஜவ்வு மிட்டாய் ஆகியிருந்தது. அன்று மீதிப் பொழுது முழுவதும் அதைச் சுரண்டினேன். இப்போது கோடைக் காலத்தில் காலை ஏழு மணிக்கே பசை வேலை. தகடு முதல் நாள் இரவே நிழலுக்குள் வந்துவிடும்.

முதலில் இரண்டு பக்க வெற்று இரும்பின் மேலும் மெல்லிய படலமாகப் பசையை இழுத்துப் பூசுங்கள். ஒட்டுவதற்கு மட்டும் அல்ல, துருவுக்கு எதிராக அந்த இரும்புக்கு இனிக் கிடைக்கப்போகும் காப்பு அதுதான். பிறகு தகட்டின் விளிம்போரமாக, மடியப்போகும் கோட்டுக்கு உள்ளே, பென்சில் பருமனுக்கு ஒரு கோடு. நடுவில் அறாமல் போக வேண்டும். போன் வந்தால் எடுக்காதீர்கள். சில நிமிடம் நின்றாலே நாசிலுக்குள் இருப்பது இறுகத் தொடங்கும். கூடுதல் நாசில் வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

சட்டத்தைத் தகட்டின் மேல் டேப் கோடு பார்த்து இறக்குங்கள். வைத்த பின் நகர்த்த வேண்டுமென்றால் வழுக்கியே நகர்த்துங்கள். தூக்கி வைத்தால் உள்ளே காற்றுப் பை விழும். கீழே டாலி பிடித்து, விளிம்பை ஒரே அடியில் மடிக்காமல் மூன்று சுற்றாகத் தட்டுங்கள்: முதல் சுற்றில் கொஞ்சம் சாய்வு, இரண்டாவதில் இன்னும் கொஞ்சம், மூன்றாவதில் படிய. டாலியின் முகத்தில் டேப் சுற்றிவிட்டால் வெளிப்பக்கம் தழும்பு வராது.

கிளாம்பை முறுக்கிப் பிழியாதீர்கள். பழைய மேஸ்திரிகள் வெல்டிங் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார்கள். பசை முழுவதும் வெளியே வந்துவிட்டால் நடுவில் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? இந்த இடைவெளி காக்கத்தான் சில பசைகளில் பொடிக் கண்ணாடி மணிகளையே கலந்திருக்கிறார்கள். விளிம்பு முழுக்க ஒரே சீராகப் பசை பிதுங்கி நின்றால் போதும். பிதுங்கியதை விரலால் வழித்து விளிம்பின் இடுக்கை மூடுங்கள், மிச்சத்தை இறுகுவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். இறுகிய பின் அது உளிக்குத்தான் அசையும்.

பசை ஈரமாக இருக்கும்போதே கதவை வண்டியில் மாட்டி, இடைவெளியை இன்னொரு முறை பாருங்கள். கதவு லேசாக முறுக்கியிருந்தால் இப்போது திருத்தலாம், நாளைக்கு முடியாது. சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்கும் யோசனையும் வேண்டாம். வெளித்தகடு சூட்டில் விரியும், உள்சட்டம் அந்த அளவுக்கு விரியாது, விரிந்த நிலையிலேயே பசை பிடித்துவிடும். குளிர்ந்த பிறகு தகடு அலையடிக்கும். நிழலில், தாளில் போட்டிருக்கும் நேரம் வரை கிளாம்போடு விடுங்கள். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். அதுவரை கதவை அடித்துச் சாத்தக் கூடாது.

ஒட்டிய பிறகு

இனி அந்தக் கதவில் தீயே கூடாது. பசைக்குப் பக்கத்தில் யாராவது வெல்டிங் வைத்தால் பசை கருகும், புகையும் நல்லதல்ல. வெல்டிங் வைத்தே ஆக வேண்டிய மூலை ஏதாவது இருந்தால், அங்கே பசையைக் கொண்டுபோகாமல் தள்ளியே நிறுத்தியிருக்க வேண்டும்.

சுரண்டிய இடங்களுக்கு எபாக்சிப் பிரைமர், மடிப்பின் விளிம்பு மேல் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், பிறகு பெயிண்ட். குறுக்குக் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே பழைய கதவில் ரப்பர் மாதிரி ஒரு பொருள் இருந்திருக்கும், அதைத் திரும்ப வைக்க மறந்தால் கதவு டப்பா மாதிரிச் சத்தம் போடும். பெயிண்ட் காய்ந்ததும் கதவுக்குள்ளே மடிப்பை ஒட்டி, துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ் அடியுங்கள்.

கடைசி வேலைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய மூன்று நான்கு சின்ன ஓட்டைகள் இருக்கும். பிதுங்கிய பசையும் சீலரும் அவற்றை அடைத்திருக்கலாம். திருவான்மியூர் வண்டியில் பழைய டிங்கரிங் செய்தவர் நாலையும் பட்டியால் மூடியிருந்தார், கதவு இரண்டு வருடமாகத் தொட்டியாக இருந்திருக்கிறது. ஒரு மக் தண்ணீரைக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக ஊற்றுங்கள். ஊற்றியது முழுவதும் கீழே ஒழுகிய பிறகு உள் அட்டையை மாட்டுங்கள்.